வாடகையில்லா வீட்டின் விலை

மனிதனுக்கு இன்றியமையாதவை உணவு, உடை, உறையுள் என மூன்றாகச் சொல்வது நம் வழக்கம். இம்மூன்றனுள் உணவைப் பற்றியும் கூலியைப் பற்றியும் நம்மவர் பேசிய அளவுக்கு உறையுளைப் பற்றிப் பேசியதில்லை. மலாய் நாட்டுக்குக் கப்பலேறிய தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், நாட்கூலி எத்தனை காசு, கங்காணிக்குத் தலைக்காசு எவ்வளவு என்றெல்லாம் கணக்கெடுத்தார்கள். அத்தொழிலாளி இரவில் தலைசாய்த்த இடம் யாருடையது, அதற்கு அவன் கொடுத்த விலை யாது என்று விசாரித்தவர்களோ சிலரே. "வீடு இனாம், வாடகை கிடையாது" என்ற ஒரு சொல் அவ்விசாரணைக்கு வாய்ப்பூட்டாக அமைந்துவிட்டது. அந்த இனாம் வீட்டின் கணக்கையே நாம் இங்குப் பார்க்கப் போகிறோம்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் இடம் ஜொகூர் நாட்டின் தெப்ராவ். சிங்கப்பூர்த் தீவையும் மலாய் நிலப்பரப்பையும் பிரிக்கும் நீரிணைக்கு மலாய் மொழியில் வழங்கும் பெயரே செலாட் தெப்ராவ், அதாவது தெப்ராவ் நீரிணை என்பது. ஒரு கரையில் நிலம் அருமையாகி வாடகை ஏறிய தீவு; மறு கரையில் காடும் தோட்டமும் பரந்து, குடியிருப்பு இனாமாகக் கிடைத்த நாடு. இவ்விரண்டுக்கும் நடுவில் உழைப்பாளி ஒருவன் வீடு தேடிய கதை ஏறக்குறைய 180 ஆண்டுக் கதையாகும்.

முதலில் வந்தவர்கள் தமிழர் அல்லர், சீனர். 1844ஆம் ஆண்டில் தான் கீ சூன் என்பவரின் தலைமையில் சீனக் குடியானவர்கள் தெப்ராவ் ஆற்றோரத்தில் குடியேறினார்கள். கங்கார் தெப்ராவ் என்ற ஊர் அங்ஙனம் தோன்றியதே. அக்காலத்து ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராஹிம், ஆற்றுப் பத்திரம் என்னும் உரிமைச் சீட்டைக் கொடுத்து, ஒவ்வோர் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் ஒரு தலைவனிடம் ஒப்படைத்தார். அத்தலைவனைக் காங்சூ என்பர். மிளகும் காம்பீரும் பயிரிட்ட கூலிகளுக்குக் குடிசை போட்டுக்கொள்ள இடம் கிடைத்தது. அதற்கு வாடகை கேட்பாரில்லை. ஆனால் அபினியும் சாராயமும் சூதாட்டமும் அடகுக்கடையும் காங்சூவின் ஏகபோக உரிமையாயிருந்தன. குடிசைக்கு வாங்காத காசு கடையில் வந்து சேர்ந்தது. 1917இல் ஜொகூர் சர்க்கார் இம்முறையைச் சட்டத்தால் ஒழித்தது. இனாம் இடம் என்பதற்குள் வேறொரு வரவு ஒளிந்திருக்கும் என்ற பாடத்தைத் தெப்ராவ் அப்பொழுதே கற்பித்துவிட்டது. நாம்தான் படிக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காம்பீர் மறைந்து ரப்பர் வந்தது. 1909இல் ஜொகூர் ரயில்பாதை முடிவுற்றது. தெப்ராவ், மவுண்ட் ஆஸ்டின் முதலிய பெயர்களில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. பால்மரம் சீவத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டப்பட்டது. 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி வழிச்செலவை ஏற்றது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நின்றது. கங்காணி முறை நிலைத்தது. தன் ஆட்கள் நாள்தோறும் பிரட்டில் நின்று வேலைக்குப் போனால்தான் கங்காணிக்குத் தலைக்காசு. ஆகவே தொழிலாளி எங்கே உறங்குகிறான் என்பதில் கங்காணிக்கும் துரைக்கும் ஒருங்கே அக்கறை பிறந்தது. அந்த அக்கறையின் பெயரே லயம்.

லயம் எப்படி இருந்தது என்பதைத் தோட்டத்தில் பிறந்தோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை, பிறர்க்காகச் சொல்கிறோம். நீண்ட கட்டடம் ஒன்று. அதன் இருபுறமும் முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள். பத்தடிச் சதுரத்திற்குச் சற்று ஏறக்குறைய ஓர் அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், அதிலேயே அடுப்பு. பின்சுவரில் சாளரம் வைக்க வழியில்லை. அதற்கப்பால் வேறொரு குடும்பம். ஒரு வீட்டுச் சண்டை பத்து வீட்டுக்குக் கேட்கும். ஒரு குழந்தையின் காய்ச்சல் வரிசை முழுவதும் போய்வரும். பின்னாளில் சர்க்கார் விதிகள் கடுமையானபோது தனித்தனி வீடுகளும் தோன்றின. 1923இல் ஐக்கிய மலாய் நாடுகளில் தொழிலாளர் சட்டம் வகுக்கப்பட்டது. தண்ணீர், கக்கூஸ், மருத்துவம், பள்ளிக்கூடம் ஆகியவை பற்றியும் விதிகள் எழுந்தன. இவை நன்மைகளே என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்நன்மைகளுள் எதுவும் அறையின் சாவியைத் தொழிலாளிக்கு உரிமையாக்கவில்லை.

சட்டத்தின் கண்ணில் லயத்துக் குடும்பம் குடித்தனக்காரர் அன்று. வேலையிருக்கும் வரை இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்டவர்கள் மட்டுமே. வாடகைக்கு இருப்பவன் வாடகையைக் கொடுத்தவரையில் தலைநிமிர்ந்து நிற்கலாம். வீட்டுக்காரனுக்குப் பிடிக்காத கட்சியில் சேரலாம். வேறு முதலாளியிடம் வேலைக்குப் போகலாம். லயத்தில் இருப்பவனோ வேலையை இழந்த அன்றே கூரையையும் இழந்தான். கூலி போதாதென்று வாய்திறக்கும்முன், மழையில் நனையப்போகும் மனைவி மக்களை அவன் நினைக்க வேண்டியிருந்தது. வாடகை வெள்ளியாகக் கொடுக்கப்படவில்லை; அடக்கமாகக் கொடுக்கப்பட்டது. மாதம் ஒருமுறை தீர்ந்துபோகும் கடனும் அன்று அது. நாள்தோறும், நாழிகைதோறும் கட்ட வேண்டிய கடன்.

இக்கடனின் கனம் 1930இல் தெரிந்தது. அதற்கு முன்னர் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக வகுக்கப்பட்டிருந்தன. ரப்பர் விலை சரிந்தவுடன் அவை 40ஆகவும் 32ஆகவும் குறைந்தன. பல தோட்டங்களில் வேலையே இல்லாமற் போயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சொந்தக் குடிசையும் அரைக்காணி நிலமும் இருந்திருந்தால், காய்கறி பயிரிட்டும் கோழி வளர்த்தும் இரண்டு ஆண்டு பஞ்சத்தைத் தள்ளியிருக்கலாம். வேலையோடு வீடும் போனபடியால் அவர்களுக்குக் கப்பலைத் தவிர வேறு கதியில்லை. பத்தாண்டு உழைத்த நாட்டில் பத்தடி மண்கூட அவர்களுக்கு மிஞ்சவில்லை. 1936இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து விசாரித்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், பழைய 50, 40 காசுக் கூலியைத் திரும்பக் கொடுக்குமாறு பரிந்துரைத்தார். 1938இல் மீண்டும் கூலி குறைப்புப் பேச்சு எழவே, இந்திய சர்க்கார் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உதவிபெற்றுச் செல்லும் குடியேற்றத்தைத் தடுத்தது. கூலியைப் பற்றிய வாதம் இங்ஙனம் இரு சர்க்கார்களையும் எட்டியது. வீட்டின் உரிமையைப் பற்றிய வாதம் எழவில்லை. கூலி குறைவென்று யாரேனும் சொன்னால், "வீடு இனாமாயிற்றே" என்று முதலாளிகள் பக்கம் விடை வந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தை வாசகர்கள் நினைவுகூர்தல் வேண்டும். அன்று தொழிலாளர் விடுத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு ஒன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டுமென்பது ஒன்று. துரைமாரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டுமென்பது ஒன்று. இவற்றோடு உற்றார் உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. இதைச் சிறிது நிதானித்துப் பார்ப்போம். தன் வீட்டுக்குத் தன் தங்கை வருவதற்கு முதலாளியின் அனுமதி வேண்டுமானால், அதை வீடென்று எப்படிச் சொல்வது? வாடகை வீட்டுக்காரன் விருந்தினரை வரவேற்க எவரையும் கேட்க வேண்டியதில்லை. விருந்தோம்பலைத் தலையாய அறமென்று கொண்ட இனத்தார், விருந்தினரை உள்ளே விடுமாறு போராட வேண்டி நேர்ந்தது. வாடகையில்லா வீட்டின் விலைப்பட்டியலில் இதுவும் ஒரு வரி.

இனி நீரிணைக்கு அப்பால் பார்ப்போம். சிங்கப்பூர்த் தீவில் இனாம் வீடு அரிது. நகரத்துத் தொழிலாளி வெள்ளியாகவே வாடகை கொடுத்தான். ஒரு கடைவீட்டின் மாடியைப் பலகையால் பல சிற்றறைகளாகத் தடுத்து, வெளிச்சமில்லாத ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம் இருந்தது. 1927இல் சிங்கப்பூர் மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டும் நெருக்கடி தீரவில்லை. போருக்குப் பின், 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது; பழைய கட்டடங்களின் வாடகை 1939 ஆகஸ்டு மாத அளவில் நிறுத்தப்பட்டது. ஏழைக்கு இது பெரும் பாதுகாப்பு. ஆயினும் வீட்டுக்காரர்கள் பழுதுபார்ப்பதை விட்டார்கள். முதற்குடித்தனக்காரர்கள் உள்வாடகைக்கு விட்டுத் தேநீர்ப்பணம் என்ற பெயரில் முன்பணம் பறித்தார்கள். 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றி அடுக்குமாடிகளைக் கட்டத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது. அக்கழகம் கட்டியது வீடு. ஆனால் அதைவிடப் பெரிய காரியம், வேலையையும் வீட்டையும் பிரித்ததாகும். ஒரு முதலாளி வேலையிலிருந்து நீக்கினாலும், அவன் ஒரு சொல்லால் வீட்டைப் பிடுங்க இயலாது.

அதே தீவில், தெப்ராவ் நீரிணையின் தென்கரையிலிருந்த செம்பவாங் கடற்படைத் தளத்தை இதற்கு எதிர்ச்சான்றாகக் காட்டலாம். 1938இல் திறக்கப்பட்ட அத்தளத்தில் தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். தளத்தின் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் பலர். பிரிட்டிஷ் படைகள் 1971இல் வெளியேறியபோது வேலையும் குடியிருப்பும் ஒருங்கே முடிந்தன. இந்தியாவுக்குத் திரும்பியோர் மிகப் பலர். தோட்டத்துத் துரையாயிருந்தால் என்ன, கடற்படை அதிகாரியாயிருந்தால் என்ன, வேலையோடு கட்டிய வீட்டின் இயல்பு ஒன்றே.

ஜொகூர்க் கரையில் லயத்தின் முடிவு வேறு வழியில் வந்தது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல் அக்காலத்துத் தமிழ்க் குடும்பங்களில் காலரா என்ற சொல்லைப் போல ஒலித்தது. அதற்கு மாற்றாக, தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதென்று துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. 1966இல் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுத்து மலேசியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. இச்சட்டம் சுவரின் உயரத்தையும் தண்ணீர்க் குழாயையும் பற்றிப் பேசிற்று; தலைமுறை தலைமுறையாக இருந்தவனுக்கு அந்தச் சுவர் சொந்தமா என்பதைப் பற்றிப் பேசவில்லை. ஜொகூர் பாரு நகரம் வளர்ந்து தெப்ராவை எட்டியபொழுது ரப்பர் மரத்தை விட மனைக்கட்டு இலாபமாயிற்று. மவுண்ட் ஆஸ்டின் என்பது இன்று கடைவீதிகளும் மாடிவீடுகளும் நிறைந்த புறநகரின் பெயர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பழைய பெயரைச் சுமந்து நிற்கின்றன. அப்பிள்ளைகளின் பாட்டன்மார் இருந்த லயங்கள் இல்லை. மரத்தை நட்டவர்களின் பேரர்கள் அந்த மண்ணில் எழுந்த வீடுகளுக்கு மாத வாடகையோ, முப்பதாண்டுக் கடனோ கட்டுகிறார்கள். 1974இல் ஜொகூர் பாருவின் தாசேக் உத்தாராவில் புறம்போக்குக் குடிசைகள் இடிக்கப்பட்டபோது, வீடிழந்தோருக்காக மாணவர்கள் கிளர்ந்தெழுந்து சிறைப்பட்டதும் இவ்வட்டாரத்து வரலாறே. அங்கு வீடிழந்தவர் மலாய்க்காரர். வீட்டின் துயருக்கு இனம் கிடையாது.

"இது காலத்தின் போக்கு, யார் என்ன செய்ய முடியும்?" என்பார் உளர். அவர்களுக்குத் தஞ்சையைக் காட்டுவோம். மலாயாவுக்குக் கப்பலேறியவர்களில் பலர் விட்டுவந்த சேரிகளிலும் இதே முறைதான் இருந்தது. பண்ணையாளின் குடிசை மிராசுதாரின் மண்ணில் நின்றது, வாடகை இல்லை, ஆனால் பண்ணையை விட்டால் குடிசையையும் விட வேண்டும். அதை இயற்கை நியதி என்று எண்ணியிருந்தார்கள். பல்லாண்டு விவசாயத் தொழிலாளர் போராட்டங்களின் பயனாக 1961இல் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டமும், 1971இல் அக்குடியிருப்பு மனையைத் தொழிலாளருக்கே உரிமையாக்கும் சட்டமும் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டன. சட்டம் எழுதியபடி எல்லா ஊரிலும் நடந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆயினும், குடியிருந்தவனுக்கே குடியிருப்பு என்ற கொள்கை எழுத்தில் ஏறிற்று. கடல் கடக்காத பண்ணையாளுக்குக் கிடைத்தது, கடல் கடந்து வந்த தோட்டத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை.

வாடகை பல உருவங்களில் வாங்கப்படும் என்பதற்குத் தூர தேசத்து உதாரணம் ஒன்றும் பார்க்கலாம். கொரியாவில் ஜொன்சே என்றொரு முறை உண்டு. குடியேறுபவர் வீட்டு விலையில் பெரும்பகுதியை முன்பணமாகக் கொடுத்துவிடுவார்; மாத வாடகை கிடையாது; வெளியேறும்போது பணம் முழுதும் திரும்ப வரும். நம் ஊரில் வீட்டைப் போக்கியத்துக்கு எடுப்பது போன்றதே. இங்கும் "வாடகை இல்லை" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பெருந்தொகை சேர்க்க முடியாத இளந்தம்பதிக்கு அவ்வீட்டுக் கதவு திறவாது. வீட்டுக்காரர் நொடித்தால் முன்பணமும் ஆபத்து. கொரியாவின் தென்கோடியிலுள்ள ஜேஜு தீவிலோ ஓராண்டு வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டுவது பழைய வழக்கம். சுற்றுலாவால் பெயர்பெற்ற அத்தீவுக்கு 2010களில் பெருநிலத்துக் குடும்பங்கள் திரளாகக் குடிபெயர, நில விலையும் வாடகையும் ஏறின. ஓர் இடத்தில் மாதப் பணம், ஓர் இடத்தில் ஆண்டுப் பணம், ஓர் இடத்தில் முன்பணம், லயத்தில் அடக்கம். விலையில்லாத கூரை எங்கும் இல்லை. எந்த நாணயத்தில் அது வாங்கப்படுகிறது என்பதே கேள்வி.

இன்று தெப்ராவ் மக்கள் கொடுக்கும் நாணயம் தூக்கமாகும். 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்க் கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுடையது. 1973 மே மாதம் வரை மலேசிய, சிங்கப்பூர் வெள்ளிகள் ஒன்றுக்கொன்று ஈடாக மாறின. அண்மை ஆண்டுகளில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. ஆகவே தீவில் சம்பாதித்துக் கரையில் குடியிருப்பதே கட்டுபடியாகும் வழியாயிற்று. தொற்றுநோய்க்கு முன் நாள்தோறும் பாலம் கடந்த மலேசியர் மூன்று லட்சத்தை எட்டியதாகக் கணக்கிடப்பட்டது. விடியுமுன் எழுந்து, மோட்டார் சைக்கிள் வரிசையில் புகையை விழுங்கி, இரவில் திரும்பும்போது குழந்தைகள் உறங்கியிருப்பர். தீவு வாடகையில் மிச்சம் பிடித்த வெள்ளியைத் தகப்பனைக் காணாத பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியதென்பதை 2020 மார்ச்சு 18 காட்டிற்று. மலேசியா எல்லையை மூடியது. முந்திய இரவில், வேலையா வீடா என்று தேர்ந்துகொள்ளச் சில மணி நேரமே இருந்தது. வேலையைத் தேர்ந்தவர்கள் ஒரு பையோடு பாலம் கடந்தார்கள். கிராஞ்சி ரயில் நிலையத்தின் அருகே வெறுந்தரையில் படுத்தவர்களைப் பத்திரிகைகள் படம்பிடித்தன. தங்குமிடச் செலவுக்கென்று ஆளொன்றுக்கு இரவுக்கு 50 வெள்ளி, 14 இரவுகளுக்குச் சிங்கப்பூர் சர்க்கார் முதலாளிகளுக்கு உதவியது. 2022 ஏப்ரல் 1இல்தான் எல்லை முழுதாகத் திறந்தது. அவ்வாண்டில் தீவின் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு 29.7 விழுக்காடு ஏறிற்று. இரு ஆண்டுக் காலம் வேலையோரம் ஒண்டியவர்களும் மீண்டும் கரைக்கே திரும்பினார்கள். இரு நாடுகளும் 2020இல் உடன்பட்ட நான்கு கிலோமீட்டர் ரயில்பாதை பயண நேரத்தைக் குறைக்கும் நோக்கமுடையது, வரவேற்க வேண்டியதே. ஆனால் வழி சுருங்கினால் ஜொகூர்க் கரை மனைகளின் விலை விரியும் என்பதை வீடு விற்போர் நன்கறிவர். விளம்பரப் பலகைகளில் சிங்கப்பூருக்கு எத்தனை நிமிடம் என்று எழுதுகிறார்கள். அங்குள்ள சம்பளக்காரன் எத்தனை ஆண்டு கடன் கட்ட வேண்டுமென்று எழுதுவதில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை மலேசியா 1997இலும் சிங்கப்பூர் 2001இலும் நீக்கிவிட்டன என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

ஆகவே நம் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். வேலைக்குப் போகும்போது சம்பளம் என்ன என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். வீடு கொடுக்கிறோம் என்று எவரேனும் சொன்னால், அது எழுத்தில் உண்டா, வேலை போனபின் எத்தனை நாள் இருக்கலாம், உறவினர் வரலாமா என்று கேளுங்கள். இன்று வங்காளத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்து, கம்பெனி விடுதிகளில் அடுக்குக் கட்டில்களில் படுக்கும் தொழிலாளருக்காகவும் இக்கேள்விகளைக் கேளுங்கள். அவர்கள் உறங்குவது நம் பாட்டன்மார் உறங்கிய லயத்தின் அடுத்த அறையிலேயே. அவர்களுக்கும் தங்குமிடம் "இனாம்" என்றே சொல்லப்படுகிறது.

ஒருவனுக்குக் கூலி கொடுத்தவன் அவன் வேலையை வாங்குகிறான். கூரையையும் சேர்த்துக் கொடுத்தவன் அவன் வாயையும் வாங்குகிறான். வேலை ஒருவர் கையிலும் வீடு தன் கையிலும் இருக்கும் மனிதனே துணிந்து பேசுவான். மலாய் மண்ணில் நம்மவர் ஏன் நெடுங்காலம் வாய்மூடிக் கிடந்தார்கள் என்று வியப்போர் அவர்கள் இயல்பைப் பழிக்க வேண்டாம்; அவர்கள் குடியிருந்த வீட்டின் சாவி யாரிடம் இருந்தது என்று பார்க்கட்டும்.